மலைப் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் நாம் கட்டும் நூலக வரியும்

மே மாதம் நீலகிரியில், கோத்தகிரி பக்கத்துக் கிராமத்தில், அக்கா வீட்டில் இருந்துவிட்டு அமெரிக்கா திரும்பியிருக்கிறேன். ஊருக்குப் போய் வந்தவர்கள் சாலை, ஆஸ்பத்திரி, பேங்க், ஆதார் பற்றியெல்லாம் நிறைய எழுதிவிட்டார்கள். இந்தத் தடவை நான் கவனித்துப் பார்த்தது வேறு ஒன்றை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் வாசிக்க என்ன கிடைக்கிறது, அதற்கென்று இருக்கிற அரசுப் பணம் அவர்கள் கைவரை வருகிறதா என்பதுதான் அது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். போனிலேயே எடுத்துவிடலாம், சிரமம் இல்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் மலைப் பகுதிகளுக்கும் வந்துவிட்டதால், அக்கா இப்போதெல்லாம் டவுனுக்குப் போக யோசிப்பதே இல்லை. அரசு மனது வைத்தால் மலைக்கும் ஒரு வசதி ஏறிவரும் என்பதற்கு அந்த பஸ்ஸே சாட்சி.

சரி, பிள்ளைகள் விஷயம். சமவெளியில் கோடை விடுமுறை என்றால் பாட்டி வீடு, ஆற்றுக் குளியல், வெயில். இங்கே ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை பெய்தால் போதும், தேயிலையில் கொழுந்து தள்ளிக்கொண்டு வரும். பள்ளி மூடியிருக்கிற அதே வாரங்களில்தான் தோட்டத்தில் வேலை அதிகம். அம்மா காலையிலேயே கொழுந்து பறிக்கப் போனால் எடை போட்டுவிட்டுத் திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். அப்பா சீசன் வேலைக்கு ஊட்டியிலோ குன்னூரிலோ இருப்பார். லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், பிள்ளைகள் தனியாக, இல்லையென்றால் வயதான ஒருவரோடு. வெளியே அனுப்பவும் பயம். தேயிலைக்குள் கரடி படுத்திருக்கும், காட்டெருமை ரோட்டிலேயே நிற்கும். அதனால் கையில் ஒரு போனைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு என்ன வழி வைத்திருக்கிறோம் அவர்களுக்கு?

அக்கா மகளின் பையன் மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறான். அரசுப் பள்ளிதான், நல்ல டீச்சர். சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித் தர 2022-இல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் படித்து வந்த பிள்ளை. அவர்கள் பள்ளியில் அரசின் வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்து, எளிய வாக்கியங்களும் பெரிய படங்களுமாகப் போட்டவை. நான் பார்த்த வரையில் தமிழில் அரசு போட்ட பிள்ளைப் புத்தகங்களில் இவ்வளவு அக்கறையாகச் செய்தவை குறைவு. அந்தப் புத்தகங்கள் ஏப்ரலில் பீரோவுக்குள் போய் ஜூனில்தான் வெளியே வருகின்றன. பள்ளி பூட்டியிருக்கிறது, சாவி தலைமையாசிரியரிடம், அவர் சொந்த ஊரில். யார் தப்பும் இல்லை. விடுமுறையில் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம், தொலைந்தால் கணக்கு கேட்க மாட்டோம் என்று மேலேயிருந்து ஓர் உத்தரவு இருந்தால் டீச்சரே கொடுத்திருப்பார்.

பள்ளி போனால் நூலகம் இருக்கிறதே என்று, பையனைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர்ப்புற நூலகத்துக்குப் போனேன். நூலகர் ஒருவரே எல்லாம். திறப்பது, கூட்டுவது, பேப்பர் அடுக்குவது, பதிவேடு எழுதுவது. சம்பளம் பெரிதாக இல்லை என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. ஆனால் வந்த பிள்ளையைப் பார்த்த சந்தோஷம் முகத்தில் இருந்தது.

முதலில் அலமாரியிலிருந்து ஒரு சிறுவர் கதைப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைதான் படிக்கலாம், அவ்வளவு பொடி எழுத்து. பையன் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினான். வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் மறந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தான். நூலகர் அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பதினாறு பக்கம் இருக்கும், ஒரு மெல்லிய படப் புத்தகத்தைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு ஒரு வரி. அதை முழுதாக வாசித்து முடித்தான். கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, "தாத்தா, இன்னொன்னு குடுக்கச் சொல்லுங்க" என்றான்.

இன்னொன்று இல்லை. அந்த மாதிரிப் புத்தகங்கள் அங்கே ஒரு கைப்பிடிதான்.

"எங்களுக்கு வர்ற புத்தகத்துல போட்டித் தேர்வு புக்குதான் சார் ஜாஸ்தி. கேக்குறவங்களும் அவங்கதான். சின்னப் பிள்ளைங்க கேக்க மாட்டாங்களே" என்றார் நூலகர்.

அவர் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. கேட்கத் தெரிந்தவர்களுக்குப் போய்ச் சேர்கிறது, கேட்கத் தெரியாத ஏழு வயசுக்கு யாரும் கேட்பதில்லை.

பணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சர், பின்னால் நின்று உழைத்தவர் நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கிறார்கள். இப்போது ரூபாய்க்கு 10 காசு. அதாவது நீங்கள் 1,000 ரூபாய் சொத்து வரி கட்டினால் மேற்கொண்டு 100 ரூபாய் நூலகத்துக்கென்று போகிறது. உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். அக்கா வீட்டு ரசீதிலும் அந்தத் தொகை தனியாக இருக்கிறது. அக்காவிடம் காட்டினேன். "இத்தனை வருஷமா கட்டுறேன் தம்பி, இதுக்குன்னே எடுக்குறாங்கன்னு யாரும் சொல்லலையே" என்றார்.

வசூலித்த வரியை உள்ளாட்சிகள் நூலகத்துக்கு அனுப்பாமல் நிலுவை வைப்பது தமிழ்நாட்டில் பழைய கதை, பேப்பரில் அடிக்கடி வரும். அது தனிச் சண்டை. என் கேள்வி இன்னும் சின்னது. வந்து சேர்கிற பணத்தில், ஏப்ரல் மே மாதங்களுக்கு, பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு என்று ஒரு பங்கு ஏன் எழுதி வைக்கக் கூடாது?

நான் இருப்பது வட கரோலினாவில், ராலே பக்கம். அங்கே 2012-இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. மூன்றாம் வகுப்பு முடிவில் சரியாக வாசிக்க வராத பிள்ளைகளுக்குப் பள்ளி மாவட்டம் கோடையில் வாசிப்பு முகாம் நடத்தியாக வேண்டும், கட்டணம் கிடையாது, குறைந்தது 72 மணி நேரம் கற்பிக்க வேண்டும். செலவுக்கு மாநிலம் பணம் கொடுக்கும். பிறகு ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இது தவிர நூலகங்களில் எல்லாப் பிள்ளைகளுக்குமான கோடை வாசிப்பு தனியாக நடக்கும். அதற்குக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வரிப்பணமும், மாநில நூலகம் வழியாக வரும் மத்திய அரசு நிதியும் துணை. அந்த மத்திய நிதியைக் கொடுக்கிற நிறுவனத்தையே சுருக்கச் சொல்லி 2025 மார்ச்சில் அதிபர் உத்தரவு போட, பல மாநிலங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. பணக்கார நாட்டிலும் இந்தக் காசுக்குக் காவல் இருந்துகொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது.

அங்கே எல்லாம் பிரமாதம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 2018-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் திட்டத்தின் முதல் சில வருடங்களை எடுத்துப் பார்த்தபோது, பிள்ளைகளின் வாசிப்பில் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை என்று தெரிந்தது. கோடிக்கணக்கில் செலவு செய்தும் அப்படி. 2021-இல் சட்டத்தைத் திருத்தி, எழுத்தையும் ஒலியையும் சேர்த்து முறையாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். முகாம் நடந்தது, ஆள் வந்தது, கையெழுத்துப் போட்டது என்பதெல்லாம் வாசிப்பு ஆகாது என்பதை அவர்கள் செலவு செய்து கற்றுக்கொண்டார்கள். நாம் அதைச் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது. ஃப்ளோரிடாவில் ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கிற பள்ளிகளில், கோடை தொடங்கும்போது பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்களைச் சும்மா கொடுத்து அனுப்பினார்கள். தொடர்ந்து மூன்று கோடை. முகாம் இல்லை, பரீட்சை இல்லை. புத்தகம் கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட வாசிப்பில் மேலே வந்தார்கள். 2010-இல் வெளியான ஆய்வு இது. அந்த நூலகத்தில் "இன்னொன்னு" என்று கேட்ட பையனை நினைத்துக்கொண்டால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நீலகிரிக்கு என்ன செய்யலாம்? பெரிய கட்டடம் வேண்டாம். தோட்டங்களில் பெண் தொழிலாளர்கள் ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அப்படி ஓர் அறையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிற தோட்டங்கள் உண்டு. அங்கே ஒரு பெட்டி நிறைய நுழை, நட, ஓடு, பற புத்தகங்களை ஏப்ரலில் கொண்டுபோய் வைத்து, ஜூனில் எடுத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு நாள் பெட்டியை மாற்ற ஒரு ஜீப் போதும். 1931-லேயே மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள் நம் ஆட்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடிப் பிள்ளைகள் இருக்கிற ஊர்களுக்கும் அதே பெட்டி போகலாம். வீட்டில் வேறு மொழி பேசுகிற அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இரண்டு மாத இடைவெளி அதிகம் உறைக்கும்.

உட்கார்ந்து வாசித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும், அதுதான் முக்கியம். பள்ளி நேரத்துக்குப் பிறகு வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லித் தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021-இல் தொடங்கியபோது ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக வந்தார்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு. லைன் வீடுகளில் ப்ளஸ் டூ, காலேஜ் முடித்துவிட்டு இருக்கிற பெண்கள் நிறைய. இரண்டு மாதத்துக்கு அவர்களுக்குக் கௌரவமான ஒரு தொகை கொடுத்து, முதல் வாரம் பயிற்சியும் கொடுத்தால் அந்த வேலையை அழகாகச் செய்வார்கள். நூலகரும் தனியாளாகத் தவிக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கிற நண்பர்கள் சிலர், "நாமே காசு போட்டு வாங்கிக் கொடுத்துவிடலாமே" என்கிறார்கள். செய்யலாம். பொது நூலகத்துக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் புரவலர் ஆகலாம், நானும் கொடுத்து ரசீது வாங்கினேன். ஆனால் நான்கு பேர் விரும்பி ஊருக்கு வந்த வருடம் பிள்ளைகளுக்குப் புத்தகம், வராத வருடம் இல்லை என்று இருக்கக் கூடாது. நாங்கள் கொடுப்பது மேல்செலவுக்கு இருக்கட்டும். அடிப்படை, வரிப்பணத்திலிருந்து வருடா வருடம் வர வேண்டும், ஏனென்றால் அக்கா மாதிரி வீட்டு வரி கட்டுகிறவர்கள் அதற்கென்றே பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்காவிடமும் பக்கத்து வீட்டாரிடமும் இதைப் பேசினேன். கிராம சபையில் கேட்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. மே 1 சபை என்றால் விடுமுறை ஆரம்பித்திருக்கும். அதனால் ஜனவரி 26 கூட்டத்தில் கேள்வி எழுப்பி, மார்ச் 22 கூட்டத்தில் தீர்மானம் போட்டு, நகலை மாவட்ட நூலக அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்புவது. நம் ஊராட்சியில் வசூலான நூலக வரி எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு, அதில் சிறுவர் புத்தகத்துக்கு எவ்வளவு என்ற மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கொடைக்கானல், வால்பாறைப் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்களும் அதே மூன்றைத் தங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்கச் சொல்லுங்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.