காற்றாலைக்கு ஊரின் சம்மதம்: எந்த வழி எதுவரை தாங்கும்?

ஓர் ஊருக்குப் பக்கத்தில் காற்றாலைப் பண்ணை அமைக்க நினைப்பவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு ஊரைக் கூப்பிடலாம். அல்லது ஊரோடு பேசிக்கொண்டே முடிவு செய்யலாம். வருகிற பணத்தை எப்படிப் பகிர்வது என்பது அதற்கு அடுத்த கேள்வி. அதற்கும் பல விடைகள் உண்டு. முதல் கேள்வியில் தவறியவர்களை இரண்டாவது கேள்விக்குச் சொல்லும் எந்த நல்ல விடையும் காப்பாற்றாது என்பது என் உறுதியான எண்ணம்.

முடிவு செய்துவிட்டுச் சொல்லும் வழியை எடுப்பவர்களுக்கும் காரணம் இருக்கிறது. வரைபடம் கையில் இருந்தால்தான் 'என் வீட்டிலிருந்து எத்தனை மீட்டர்?' என்ற கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். முன்கூட்டியே சொன்னால் வதந்தி பரவும், நிலத்தின் விலை ஏறும், போட்டியாளர் முந்திக்கொள்வார். நியாயமான பயங்கள்தான். ஆனால் ரகசியம் என்பது இந்தத் தொழிலில் நடக்கிற காரியமில்லை. காற்றின் வேகத்தை அளக்க உயரமான கம்பம் நட்டு, குறைந்தது ஓராண்டாவது அளக்க வேண்டும். அந்தக் கம்பம் பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரியும். அது ஏறிய அன்றே ஊருக்குச் செய்தி போய்விடும். யாரும் வந்து சொல்லாததால், ஊர் தானாகவே ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும்.

முன்கூட்டியே பேச வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காற்றாலைகளை நினைத்த இடத்தில் வைக்க முடியாது. ஒன்றின் பின்னால் கலங்கிய காற்று மற்றொன்றைப் பாதிக்கும் என்பதால், சுழலியின் விட்டத்தைப் போலப் பல மடங்கு இடைவெளி விட வேண்டும். ஒன்றை நகர்த்தினால் பக்கத்திலுள்ளவையும் நகரும். மண் பரிசோதனை, சாலை, மின்கட்ட இணைப்பு என்று ஒவ்வொன்றாக முடிந்த பிறகு எதையும் அசைக்க முடியாது. அந்த நிலையில் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம் வெறும் கண்துடைப்பு. மேடையில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மாற்றுவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் கருத்துக் கேட்கிறார். அது வந்திருப்பவர்களுக்குப் பத்தே நிமிடத்தில் புரிந்துவிடும்.

கடலில் நடந்த இரண்டு முயற்சிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். டென்மார்க்கில் கோபன்ஹேகன் கரைக்கு எதிரே இருக்கும் மிடில்குருண்டன் பண்ணைக்கு முதலில் போட்ட திட்டம் மூன்று வரிசைகளில் 27 காற்றாலைகள். மக்களிடம் கருத்துக் கேட்டபோது, அது கண்ணை உறுத்துகிறது என்ற எதிர்ப்பு வந்தது. திட்டத்தை மாற்றி, மெல்ல வளைந்த ஒரே வரிசையில் 20 என்று ஆக்கினார்கள். சத்தம் பற்றிப் பயந்தவர்களை ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலைக்கே அழைத்துப் போய்க் காட்டினார்கள். பண்ணையில் பாதி, ஆயிரக்கணக்கானவர்கள் பங்கு வாங்கிய ஒரு கூட்டுறவுக்குச் சொந்தமானது. அமெரிக்காவின் நான்டக்கெட் கடற்பகுதியில் 2001இல் முன்வைத்த கேப் விண்ட் திட்டத்தில் 130 காற்றாலைகள். வழக்குக்கு மேல் வழக்காக இழுத்து, 2017இல் ஒரு காற்றாலைகூட எழாமல் கைவிடப்பட்டது. அங்கே கூட்டங்கள் நடக்காமல் இல்லை. எதிர்த்தவர்களில் பெரும் பணக்காரர்களும் இருந்தார்கள், இரு நாட்டுச் சட்டங்களும் வேறு. எனவே தோல்விக்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மிடில்குருண்டனில் கரையில் நின்று பார்த்தவர்களில் பலர் 'அதில் எனக்கும் பங்கு இருக்கிறது' என்று சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள்.

சரி, எப்படிப் பேசுவது? பெரிய மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்துக் கூட்டம் போடுவது ஒரு வகை. நாள் முழுக்கக் கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்களோடு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பேசுவது இன்னொரு வகை. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. பெரிய கூட்டத்தில் குரல் உயர்த்தத் தெரிந்த நாலு பேர் பேசுவார்கள். குத்தகைக்குப் பயிரிடுபவர், ஆடு மாடு மேய்ப்பவர், கூட்டத்தில் பேசிப் பழகாத பெண்கள் ஆகியோர் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். நிலப் பத்திரம் இல்லாதவர்கள் கணக்கிலேயே வராமல் போவதும் உண்டு. கென்யாவில் துர்கானா ஏரிப் பக்கம் 365 காற்றாலைகளோடு எழுந்த பண்ணை, மேய்ச்சல் சமூகங்கள் புழங்கிய நிலத்தில் நின்றது. அந்த நிலத்துக்கான பத்திரங்கள் முறைப்படி வழங்கப்படவில்லை என்று 2021இல் மேரு நகர நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்போது காற்றாலைகள் ஓடத் தொடங்கியிருந்தன.

காட்டும் பொருளிலும் நேர்மை வேண்டும். அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தில் காற்றாலை வரைந்து காட்டினால் அது சிறுத்துத் தெரியும். நேரில் எழுந்து நிற்கும்போது, ஏமாந்த உணர்வு வராமல் இருக்காது. சத்தத்தின் அளவைக் காட்டும் டெசிபல் வரைபடமும் பலருக்கு எதையும் சொல்லாது. காற்று வீசிப் போகும் திசையில், இரவில், ஓடும் காற்றாலையின் அருகே கால் மணி நேரம் நிற்க வைப்பது மேல். வெயில் நேரத்தில் இறக்கை நிழல் வீட்டுக்குள் விட்டு விட்டு விழுவது வேறு விதம். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த வீட்டில் விழக்கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். அதனால் அந்த நேரங்களில் நிறுத்திவிடுகிறோம் என்று எழுதிக் கொடுக்க முடியும். கேட்காமலே அதை எழுதிக் கொடுப்பவர்மேல் மதிப்பு வரும்.

இனி பணம். மிக எளிய வழி, நிலம் தருபவருக்கு மட்டும் வாடகை கொடுப்பது. ஊரைப் பிளப்பதற்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் வருமானம், அந்தப் பக்கம் சத்தம் மட்டும் என்றால் தலைமுறையாகப் பழகியவர்கள்கூட முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அடுத்தது ஆண்டுதோறும் ஊர் நிதி. ஸ்காட்லாந்து அரசின் வழிகாட்டுதல், ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு என்ற அளவைச் சொல்கிறது. கையில் சேமிப்பே இல்லாதவருக்கும் இதன் பலன் போய்ச் சேரும் என்பது பெரிய நல்ல விஷயம். ஆனால் எதிர்ப்பு கிளம்பிய பிறகு இதை அறிவித்தால், லஞ்சம் என்றுதான் காதில் விழும். அதே தொகையை முதல் நாளே, திட்டத்தின் ஒரு பகுதியாகச் சொன்னால் அது உரிமை. யார் செலவழிப்பது என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும்.

மூன்றாவது, பங்கு. 2009இல் வந்த டென்மார்க் சட்டம் புதுக் காற்றாலையின் பங்குகளில் குறைந்தது 20 சதவீதத்தை உள்ளூர்க்காரர்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்றது. முதல் உரிமை 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு. ஊரைப் பிச்சை வாங்குபவராக இல்லாமல் பங்காளியாக நடத்துவதால் எனக்கு இந்த எண்ணம் பிடிக்கிறது. ஆனால் பங்கு வாங்கப் பணம் வேண்டும். ஏற்கெனவே வசதியுள்ளவர்கள் இன்னும் வசதியாவதும், வாடகை வீட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்ப்பதும் நடக்கும். டென்மார்க் 2020இல் இந்த முறையை விட்டுவிட்டு, அருகில் வசிப்பவர்களுக்கு நேரடியாக ஆண்டுத் தொகை தரும் முறைக்கு மாறியது.

கடைசியாக, ஊரே முழுச் சொந்தக்காரராக இருப்பது. ஸ்காட்லாந்தின் கீகா தீவில் தீவு மக்களுக்குச் சொந்தமாக மூன்று சிறிய காற்றாலைகள் எழுந்தன. அவற்றை 'நடனமாடும் பெண்கள்' என்று அழைக்கிறார்கள். நிறுவனங்கள் நடத்தும் பண்ணைகள் உள்ள அருகிலிருந்த கின்டையர் பகுதியோடு கீகாவை ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. கீகாவில் ஆதரவு கூடுதலாக இருந்தது, கின்டையரிலும் வெறுப்பு இல்லை என்று அது சொன்னது. ஆக, சொந்தம் என்பது உதவும், ஆனால் அது மட்டுமே எல்லாம் இல்லை. மூன்று காற்றாலைக்கு ஊர் கடன் வாங்கலாம். முப்பதுக்கு முடியாது. பெரிய பண்ணை என்றால் நான் ஊர் நிதியையும் பங்கையும் சேர்த்தே கேட்பேன். பங்கில் ஒரு பகுதியை நிறுவனமே கடனாகக் கொடுத்து, வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்று மிஞ்சுகிறது. ஊர் 'வேண்டாம்' என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டா? கருத்துக் கேட்பது வேறு, சம்மதம் கேட்பது வேறு. எது நடக்கிறது என்பதை முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட வேண்டும். நார்வேயின் ஃபோசனில் 151 காற்றாலைகள் எழுந்த பிறகு, சாமி என்ற பழங்குடி மக்களின் கலைமான் மேய்ச்சல் உரிமையை அது மீறுகிறது, உரிமம் செல்லாது என்று 2021 அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் காற்றாலைகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்கள் தலைநகரில் அமைச்சக வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் தெற்கு ஃபோசன் மேய்ச்சல்காரர்களோடு ஓர் உடன்பாடு வந்தது. மாற்று மேய்ச்சல் நிலம், ஆண்டுத் தொகை, அதோடு உரிமக் காலத்தை நீட்டிப்பதானால் 'கூடாது' என்று சொல்லும் அதிகாரம். முதல் கம்பம் நடுவதற்கு முன்னால் மேசையில் வைத்திருக்க வேண்டியவை இவை.