45 வயதுத் தொப்பை: நடையா, எடைப்பயிற்சியா, பட்டினியா?

நாற்பதைத் தாண்டியவரின் இடுப்பு பெருப்பதை எடைபார்க்கும் இயந்திரத்துக்கு முன்பே அரைஞாண் கயிறு சொல்லிவிடும். பெண்களுக்குத் தையற்காரர் சொல்வார். பிளவுஸின் உள்ளே விட்டுவைத்த தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, இனிமேல் பிரிக்கத் துணியில்லை என்று ஒருநாள் கைவிரிப்பார். அன்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். காலையில் நட என்பார் ஒருவர், ஜிம்முக்குப் போ என்பார் இன்னொருவர், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்து என்பார் மூன்றாமவர். என் ஓட்டு எடைப்பயிற்சிக்குத்தான். ஏன் என்பதற்கு முன், இந்த வயதில் உடம்பில் உண்மையில் என்ன மாறுகிறது என்று பார்த்துவிடலாம்.

‘வயசானால் மெட்டபாலிசம் படுத்துவிடும்’ என்பது எல்லோரும் சொல்லும் சாக்கு. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளை வைத்து 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இந்தச் சாக்கைப் பிடுங்கிவிட்டது. உடல் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயது முதல் 60 வரை உடம்பு எரிக்கும் ஆற்றலில் பெரிய மாற்றமில்லை. மாறுவது தசை. முப்பதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 முதல் 8 சதவீதம் வரை அது கரைகிறது. அந்த இடத்தில் கொழுப்பு குடியேறுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால், அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது.

எடையை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. 2004இல் ‘லான்செட்’ இதழில் இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள்: புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஞ்னிக், பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண்) ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஞ்னிக்குக்கு 21.2. நம்மவர்கள் ஒல்லியாக இருந்தபடியே கொழுப்பைச் சுமப்பவர்கள். அதனால்தான் நமக்கு வயிற்றுச் சுற்றளவின் வரம்பை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று கறாராக வைத்திருக்கிறார்கள். கீழே மூன்று வழிகளையும் நான் நிறுப்பது தராசில் அல்ல, இஞ்ச் டேப்பில்.

நடையில் தொடங்குவோம். செலவில்லை, வெட்கமில்லை, துணைக்கு ஆள் கிடைக்கும். அரசும் 2023இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைத்தது. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தணிக்கும். இதற்கு இணையான மலிவு வைத்தியம் வேறில்லை. ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை மூன்றுக்கும் நல்லது.

தொப்பைக்குத்தான் அதன் பலன் சொற்பம். 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் மிதமான வேகத்தில் நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. அதை ஒரு மெதுவடை ஈடுகட்டிவிடும். பூங்கா வாசலில் அருகம்புல் சாறு குடித்துவிட்டு, எதிர்க்கடையில் வடையும் சர்க்கரை தூக்கலான காபியுமாக அரசியல் பேசும் நடைக் குழுக்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். வருடக்கணக்காக வருகிறார்கள், வயிறும் கூடவே வருகிறது. வேகம் முக்கியம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அப்படி நடந்தாலும் தோள், முதுகு, கைத் தசைகளுக்கு நடையில் வேலையே இல்லை.

எடைப்பயிற்சி ஜெயிப்பது இங்கேதான். கரையும் பொருள் தசை என்றால் அதைக் கட்டுவதுதானே நேர்வழி? வயதாகிவிட்டது என்ற பேச்சும் செல்லாது. 1990இல் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில், 86 முதல் 96 வயதுள்ள தளர்ந்த முதியவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. 48 வயதுக்காரர் எதைச் சொல்லித் தப்பிப்பது?

ஒரு புளுகையும் உடைத்துவிட வேண்டும். தசை கூடினால் சும்மா உட்கார்ந்திருந்தாலே கொழுப்பு எரியும் என்று ஜிம்களில் சொல்வார்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் எரிப்பது நாளுக்குச் சுமார் 13 கலோரிதான். அதன் உண்மையான பயன் வேறு: சாப்பிட்ட மாவுச்சத்தின் பெரும்பகுதியை வாங்கிவைப்பது தசையே. தசை இளைத்தால் அந்தச் சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றும். எலும்பு உறுதிக்கும் பளு தேவை.

இளைஞர்களும் கண்ணாடிகளும் காதைப் பிளக்கும் பாட்டும் நிறைந்த ஜிம், ஐம்பதை நெருங்குபவருக்குக் கூச்சம் தரும் இடம்தான். புரோட்டீன் டப்பாவைத் தலையில் கட்டும் பயிற்சியாளர் தனித் தொல்லை. ஜிம் கட்டாயமில்லை. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம் ஊர்ச் சரக்கு. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து முழுதாக எழுந்து மறுபடி உட்காருங்கள். முப்பது விநாடியில் எத்தனை முறை? அறுபது வயதில் ஆண்களுக்கு 14க்கும், பெண்களுக்கு 12க்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழே; ஐம்பதிலேயே அங்கே தடுமாறினால் தொடை எச்சரிக்கிறது என்று பொருள். அந்த நாற்காலியே முதல் பயிற்சிக் கருவி. சுவரில் கை ஊன்றித் தண்டால் அடுத்தது. எதுவானாலும் கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். எளிதாகிவிட்டால் பளுவைக் கூட்ட வேண்டும். மூன்று மாதத்தில் எடை அசையாமல், பேன்ட் தளர்ந்திருக்கும் விநோதம் நேரலாம். இயந்திரத்தை நம்பிப் பாதியில் விடுபவர்கள் இங்கேதான் விடுகிறார்கள்.

பட்டினி எடையைச் சீக்கிரம் இறக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பயிற்சியில்லாமல் இறங்கும் எடையில் ஏறக்குறைய கால்பங்கு கொழுப்பல்லாத உடம்பு. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் வருவது பெரும்பாலும் கொழுப்பு. 2025இல் இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோ, வீகோவி எடைக்குறைப்பு ஊசிகளுக்கும் இந்தக் கவலை பொருந்தும்; வீகோவியின் மருந்தான செமாக்ளுடைடை நிறுத்தியவர்கள் ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக ஓர் ஆய்வு காட்டியது. உணவில் மாற்ற வேண்டியது தட்டின் கணக்கு. 65 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதமாவது தேவை. ஒரு முட்டையில் 6 கிராம். சோற்றைப் பாதியாக்கிச் சுண்டலையும் பருப்பையும் மீனையும் கூட்டினால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

யோகா உடம்பை வளைக்கும், மூச்சை ஆற்றும். பளு ஏறாததால் இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும் இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் சேர்த்தே கேட்கிறது. நம் ஊரில் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கண்டுகொள்வதில்லை. வாரத்தில் மூன்று மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், இரண்டு நாள் நாற்பது நிமிடம் பளு, மீதி நேரத்தைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையாகப் பிரித்துக்கொள்ளலாம். புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டவர் நடையை இன்றே தொடங்கிவிட்டுப் பளுவை அடுத்த மாதம் சேர்த்தாலும் சரி. ஆனால் இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரையோ எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். தொடங்கும் முன் மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டு, பையில் நான்கு குளுக்கோஸ் மாத்திரையையும் போட்டுக்கொள்ளுங்கள்.