வேலூர்ப் பாறையில் ஆஸ்மோ ஆக்‌ஷன் 4: எதைப் பிடிக்கிறது, எதைக் கோட்டை விடுகிறது

பாறையேற்றத்தை வைத்து ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்க ஓர் ஆக்‌ஷன் கேமரா போதுமா? போதாது. டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 நல்ல கேமராதான். ஆனால் ஐந்து நிமிடப் படத்தில் அது எடுத்த காட்சிகள் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். மிச்சத்தைக் கைப்பேசியில் எடுப்பதே மேல். இதை ஒத்துக்கொண்டு வாங்குகிறவர்களுக்குக் காசுக்கேற்ற பொருள்.

காரணம் லென்ஸ். 155 பாகை அகலத்துக்குப் பார்க்கிற லென்ஸ் கிட்ட இருப்பதை ஊதிப் பெருக்கும், எட்ட இருப்பதைக் குறுக்கிவிடும். ஹெல்மெட்டில் மாட்டினால் திரை முழுக்க அரை மீட்டர் தூரத்துப் பாறையும் இரண்டு கையும்தான். செங்குத்துச் சுவர்கூடத் தரையில் தவழ்கிற மாதிரித் தெரியும். நம் பக்கத்தில் இது இன்னும் மோசம். வேலூரைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் வெயிலும் மழையும் வழித்தெடுத்த மொட்டைப் பாறைகள். கைக்குப் பிடி குறைவு. பாதத்தை அழுத்தி உராய்வை நம்பி ஏற வேண்டிய சரிவுகள். அந்த ஏற்றத்தின் பயமெல்லாம் சரிவின் கோணத்தில்தான் இருக்கிறது. கோணம் தெரியவில்லை என்றால், ஓர் ஆள் கல்லைத் தடவிக்கொண்டிருக்கும் படமாகத்தான் அது முடியும்.

கோணம் தெரிய, ஏறுகிறவருக்குப் பக்கவாட்டில் 10 முதல் 15 மீட்டர் தள்ளி, ஏறக்குறைய அதே உயரத்தில் இன்னொரு பாறையில் உட்கார்ந்து, கைப்பேசியின் இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸில் எடுங்கள். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டு வைத்து, பின்னால் தெரியும் பாலாற்று வெளி நேர்க்கோடாக இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவைச் சற்றுச் சாய்த்தால் 50 பாகைச் சரிவை 70 ஆக்கிவிடலாம்தான். பாறையேறத் தெரிந்தவன் கயிறு தொங்கும் திசையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவான்.

ஆஸ்மோ ஜெயிக்கிற இடம் உச்சி. மேலிருந்து கீழே பார்க்கும் ஷாட்டில் முதலில் ஒரு கை வரும், அப்புறம் ஹெல்மெட், கடைசியில் முகம். இதைக் கைப்பேசியால் எடுப்பது கஷ்டம், ஆபத்தும்கூட. அட்வென்ச்சர் காம்போ என்ற தொகுப்பில் வரும் 1.5 மீட்டர் கம்பியை விளிம்புக்கு வெளியே நீட்டிக் கட்டுங்கள். கட்டுவதற்குத் தனி ஸ்லிங் (வளையமாகத் தைத்த நாடா), தனி மரம் அல்லது தனிப் பாறை. ஏறுகிறவரின் ஆங்கரில், அதாவது அவர் கயிற்றைத் தாங்கும் பிடிமானத்தில், கேமரா சம்பந்தப்பட்ட எதுவும் தொங்கக் கூடாது. கேமராக்காரர் விளிம்பருகே நிற்பதானால் அவருக்கும் தனிக் கயிறு, இரண்டு ஆங்கர், இடுப்பில் கட்டும் ஹார்னஸ். இந்த வேலையைப் பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் செய்யக் கூடாது.

கேமராவையும் 3 மி.மீ. கயிற்றால் கட்டியே ஆக வேண்டும். அந்தக் கயிறு கேமராவின் வெளிச்சட்டத்தில் இருக்க வேண்டும், கேமராவைத் தாங்கும் மவுண்டில் இருந்தால் பயனில்லை. எடை 145 கிராம்தானே என்று நினைக்க வேண்டாம். 15 மீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இருக்கும். கீழே பிலே பிடிப்பவர், அதாவது ஏறுகிறவரின் பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்திருப்பவர், அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் நிற்பார்.

கயிறு வெளிச்சட்டத்தில் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. இதன் மவுண்ட் காந்தத்தால் ஒட்டி, இரண்டு பக்கக் கொக்கிகளால் பூட்டுவது. வசதியான ஏற்பாடு. ஆனால் பாறையடி மணலில் இரும்புச் சத்துள்ள கறுப்புத் துகள்கள் இருக்கும். மவுண்டை ஒருமுறை தரையில் வைத்து எடுத்தால் காந்தத்தைச் சுற்றி மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்தத் துகள் நடுவில் இருந்தால் ஒரு கொக்கி பூட்டிக்கொள்ளும், மற்றது பாதியில் நிற்கும். பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும். ஊதினால் போகாது, செல்லோடேப்பை அழுத்தி உரித்தால் மொத்தமாக வந்துவிடும். மாட்டியதும் இரண்டு கொக்கியையும் விரலால் தொட்டுப் பாருங்கள், ஒரு தடவை இழுத்தும் பாருங்கள்.

கேமராவைச் சாய்த்தாலும் தொடுவானத்தை நேராக வைக்கும் ஹொரைசன் ஸ்டெடி இதில் உண்டு. அது 2.7கே தெளிவு வரைக்கும்தான். நேர் கீழே பார்க்கும் ஷாட்டில் அதை அணைத்துவிடுங்கள். லென்ஸே புவியீர்ப்புத் திசையைப் பார்க்கும்போது எது மேல், எது கீழ் என்று கேமராவுக்குத் தெரியாது; படம் மெல்லச் சுழல ஆரம்பித்துவிடும். ஆட்டத்தை மட்டும் குறைக்கும் சாதாரண ராக்ஸ்டெடி போதும், 4கேயும் கிடைக்கும்.

இனிப் பெரிய குறை. இதன் ஃபோகஸ் 0.4 மீட்டரிலிருந்துதான் தொடங்குகிறது. வெடிப்பில் செருகிய விரல்கள், கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பொடி படிந்த நகக்கண், பாறைப்பாசியின் மஞ்சள் வட்டம் என்று குறும்படத்துக்கு உயிர் கொடுக்கும் நெருக்கக் காட்சிகளை ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுத்தால் கலங்கலாகத்தான் வரும். கேமராவின் சின்னத் திரையில் அது தெரியாது, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போடும்போதுதான் தெரியும். மார்பில் கட்டும் பட்டையும் இதனாலேயே வீண். சரிவில் மார்புக்கும் பாறைக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. நெருக்கக் காட்சியைக் கைப்பேசியின் மேக்ரோவுக்கு விட்டுவிடுங்கள். அரை மீட்டர் தள்ளி வைத்து விநாடிக்கு 120 ஃபிரேமில் பாதத்தை எடுப்பது வேறு விஷயம். ஷூ முனையின் ரப்பர் பாறையில் அழுந்தி விரிய, பொடிக்கல் இரண்டு கழன்று உருளும் அந்த அரை விநாடியை 4கேயிலேயே நான்கு மடங்கு நீட்டித் தரும்.

வெளிச்சம் பற்றி ஒரு கணக்கு. துளை அளவு எஃப் 2.8, மாற்ற முடியாது. ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100 வைத்தாலும் உச்சி வெயிலில் ஷட்டர் ஏறக்குறைய 1/3200 விநாடிக்குப் போய்விடும். கை அசைவு வெட்டி வெட்டித் தெரிவது இதனால்தான். லென்ஸுக்கு மேல் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்டி 32 ஃபில்டர் வெளிச்சத்தை ஐந்து ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் பாதி) குறைக்கும். ஷட்டர் 1/100க்கு வரும். விநாடிக்கு 50 ஃபிரேமுக்கு அது கச்சிதம். அதே ஃபில்டரோடு மரநிழலுக்குள் போனால் படம் இருண்டு புள்ளியடிக்கும், அங்கே என்டி 8 போதும். நிறச் சமநிலையான வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வினுக்குப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் செம்பழுப்புப் பாறையிலிருந்து பச்சைக்குத் திரும்பும்போதெல்லாம் ஆளின் தோல் நிறம் மாறும். எக்ஸ்போஷரை 0.3 முதல் 0.7 ஸ்டாப் வரை இறக்கி வையுங்கள். வெளுத்துப்போன வானத்தை எடிட்டிங்கில் மீட்க முடியாது.

வெயிலில் வேலை செய்ய நிறுவனம் சொல்லும் எல்லை 45 டிகிரி. அது காற்றின் வெப்பம். கத்திரி நாட்களில் நம் ஊரில் நிழலிலேயே 40ஐத் தாண்டும். கை வைக்க முடியாத பாறைமேல் கறுப்புக் கேமராவைக் கிடத்தினால் அணைந்துபோவதில் ஆச்சரியமில்லை. டேக் முடிந்ததும் நிழலில் தொங்கவிடுங்கள். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏலகிரியில் இந்தத் தொல்லை குறைவு. பேட்டரி 160 நிமிடம் ஓடும் என்பது 1080பியில், திரையை அணைத்து வைத்த கணக்கு. 4கேயில் விநாடிக்கு 50 ஃபிரேம் எடுத்தால் அதில் பாதி என்று வைத்துக்கொண்டு மூன்று பேட்டரி எடுத்துப் போங்கள். உச்ச பிட்ரேட், அதாவது பதிவாகும் தரவு, விநாடிக்கு 130 மெகாபிட், அதனால் 128 ஜிபி கார்டில் சுமார் 2 மணி நேரம் கொள்ளும்.

ஒலியில்தான் பலரின் படம் படுத்துவிடுகிறது. பாறைக்குப் போக நல்ல பருவம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. வெளிச்சம் அழகாக விழுவது விடியலில். ஆனால் மார்கழி விடியலில் அடிவாரக் கோயில்களில் ஒலிபெருக்கி முந்திக்கொள்ளும், அந்தப் பாட்டு மலையேறி வந்து எல்லா ஷாட்டிலும் உட்கார்ந்துவிடும். யூடியூபில் ஏற்றினால் காப்புரிமைக் கோரிக்கை வரவும் வாய்ப்புண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் இரைச்சலும் நினைப்பதைவிட மேலே கேட்கும். கேமராவின் சொந்த மைக் இவை அத்தனையையும் பாரபட்சமில்லாமல் பதியும். டிஜேஐ மைக் 2 ரிசீவர் இல்லாமலே நேரடியாக இதோடு சேரும். அதை ஏறுகிறவரின் காலருக்கு உள்பக்கம் குத்தி, மேலே ஒரு துண்டுப் பஞ்சுறை போட்டால் மூச்சும் துணி உரசலும் கிடைக்கும். கரபினர் கொக்கி பூட்டும் ‘க்ளிக்’, கயிறு சரசரப்பு ஆகியவற்றைத் தனியாக, அமைதியான நேரத்தில் பதிந்து வைத்து ஒட்டுங்கள்.

இயற்கைக் காட்சிக்கு இந்தக் கேமராவை நம்ப வேண்டாம். பாறை ஓணான் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் சிவப்பும் கறுப்புமாகக் கல் உச்சியில் தலையாட்டும். மூன்று மீட்டர் நெருங்கினாலே ஓடிவிடும், அகல லென்ஸில் அந்தத் தூரத்தில் அது ஒரு புள்ளிதான். ஓணான் வழக்கமாக உட்காரும் கல்லுக்கு எதிரே, அரை மீட்டரில் கேமராவை வைத்து ஓடவிட்டு நீங்கள் விலகிப் போய்விட்டால் ஒருவேளை கிடைக்கும். தொங்கு பாறையடியில் மலைத்தேனீக் கூடு கண்ணில் பட்டால் பேச்சே இல்லை, அன்றைக்கு வேறு பாறை. ட்ரோனை அந்தத் திசையில் கிளப்பவே கூடாது. கயிற்றில் தொங்குகிறவரால் ஓட முடியாது. ஜவ்வாது மலை மாதிரி காப்புக்காட்டுப் பகுதிக்கு வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

2024 செப்டம்பரில் வந்த ஆக்‌ஷன் 5 ப்ரோவில் 47 ஜிபி உள் நினைவகமும் பெரிய பேட்டரியும் உண்டு. கார்டை மறந்துவிட்டு மலையேறுகிறவர்களுக்கு அது நல்லது. மற்றபடி 4 விலை இறங்கிக் கிடைத்தால் அதையே எடுக்கலாம். தனி கேமராவாக வாங்குவதைவிட மூன்று பேட்டரியும் கம்பியும் சேர்ந்து வரும் அட்வென்ச்சர் காம்போ லாபம். என்டி ஃபில்டர் தனிக் காசு. மாற்று லென்ஸ் கண்ணாடி ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். சாக் பொடி படிந்த கண்ணாடியை வியர்த்த பனியனால் துடைத்தால் மெல்லிய வெள்ளைப் படலம் நிற்கும், எதிர்வெயிலில் படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி வரும்.