மூன்றரை ஆண்டுகள் காசு கொடுத்துப் பாரம் இறக்கிய அனுபவம்

அம்மா இறந்த நான்காவது மாதம் முதன்முறையாக ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். இப்போது மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. வாரம் ஒரு முறை ஐம்பது நிமிடம். கடந்த ஓராண்டாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. இடையில் அம்மாவின் அறையை ஒழித்துத் தர ஒரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்தினேன். தூக்கம் வராத இரவுகளுக்காக உரையாடல் செயலி ஒன்றுக்கும் சந்தா கட்டினேன். "காசு கொடுத்தால் மனப்பாரம் குறைகிறதா?" என்று கேட்பவர்களுக்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்லி அலுத்துவிட்டது.

அறை ஒழித்ததிலிருந்து தொடங்குகிறேன். நான் வீட்டில் இருக்க மாட்டேன், எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லியிருந்தேன். அதற்குத்தானே கூலி? அவரும் கெட்டிக்காரர். வைத்துக்கொள்ள ஒரு குவியல், கொடுத்துவிட ஒன்று, கேட்க வேண்டியவை ஒன்று என்று பிரித்தார். மாலை நான் திரும்பியபோது முதல் இரண்டும் பெட்டிகளுக்குள் போயிருந்தன. மூன்றாவது இடுப்புயரம் நின்றது. அதன் உச்சியில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி, ஒரு பக்கக் காம்பு உடைந்து நூல் சுற்றிக் கட்டியது. "இது குப்பையா, வைக்க வேண்டியதா என்று தெரியவில்லை" என்றார். அவருக்கு எப்படித் தெரியும்? நூல் சுற்றியது நான். புதுக் கண்ணாடி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே வாங்காமல் விட்டதும் நான்.

ஆனாலும் அந்தக் கூலி வீண் இல்லை. புடவைகளை மடிக்கும் வேலை என் கையை விட்டுப் போனதே பெரிய நிம்மதி.

ஆலோசகர் விஷயம் வேறு. முதலில் போனவர் சரிப்படவில்லை. நான் பேசப் பேச அவர் பார்வை கடிகாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்கு அமர்வுகளில் மாற்றிவிட்டேன். இரண்டாமவரிடம்தான் இன்றும் போகிறேன். ஒரு முறை காய்ச்சலில் படுத்துவிட்டேன், அந்த நாளுக்கும் கட்டணம் கேட்டார். கோபம் வந்தது. இது அவர் கண்டுபிடித்த விதி இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்த மணி நேரம் நோயாளிக்கு உரியது, வராவிட்டாலும் பணம் அவர் பொறுப்பு என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் 1913-லேயே எழுதிவிட்டார்.

கோபம் தணிந்த பிறகுதான், அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று யோசித்தேன். நண்பரிடம் பத்து நிமிடம் புலம்பினால், "சரி, நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டே ஆக வேண்டும். அக்காவிடம் அழுதால் அவள் கண்ணையும் நான் துடைக்க வேண்டும். அவளுக்கும் அவர் அம்மாதானே. ஆலோசகரிடம் வாசலைத் தாண்டும்போதே கணக்குத் தீர்ந்துவிடுகிறது. நான் வாங்கியது கடன்படாமல் புலம்பும் வசதி. பாரம் என்னவோ என்னோடுதான் வீடு திரும்பியது.

அவர் மீது ஒன்றும் ஏறவில்லையா? இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் மிகவும் களைத்துத் தெரிந்தார். கேட்டேன். தானும் தன் அமர்வுகளைப் பற்றிப் பேச மூத்த ஆலோசகர் ஒருவரிடம் மேற்பார்வைக்குப் போவதாகச் சொன்னார். விமானப் பணிப்பெண்களின் புன்னகையையும் கடன் வசூலிப்பவர்களின் கடுமையையும் ஆராய்ந்து, சம்பளத்துக்காக உணர்வை வரவழைத்தோ அடக்கியோ காட்டும் அந்த வேலைக்கு 1983-ல் 'உணர்வுசார் உழைப்பு' என்று பெயரிட்டவர் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட். அதைப் படித்தபோது விமான நிறுவனங்களைத்தான் திட்டினேன். வாடிக்கையாளர் வரிசையில் நானும் நிற்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

செயலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரவு இரண்டு மணிக்கும் பதில் தரும், களைக்காது. கண்ணாடிக் கதையை முழுவதும் கொட்டினேன். அழகாக ஆறுதல் சொன்னது. அடுத்த வாரம், "உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டது. அன்றே சந்தாவை நிறுத்தினேன். இத்தகைய செயலிகளுக்கு முன்னோடியாக 1966-ல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா, நாம் தட்டுவதையே திருப்பிக் கேள்வியாக்கிய எளிய கணினி நிரல்தான். அதனோடு தனியாகப் பேச வேண்டும் என்று அவருடைய செயலாளரே அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். அந்த அம்மையாரைக் கேலி செய்ய மாட்டேன். நானும் கதவைச் சாத்திக்கொண்டுதான் தட்டச்சு செய்தேன்.

யாரும் எனக்கு எச்சரிக்காத பக்கவிளைவு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் செவ்வாய்க்கிழமைக்கென்று சேர்த்துவைக்கப் பழகிவிட்டேன். வீட்டில் அம்மா பேச்சே எடுப்பதில்லை. "உனக்குத் துக்கமே இல்லையோ என்று நினைத்தேன்" என்று அக்கா ஒரு நாள் கேட்டுவிட்டாள். அப்போதுதான் கண்ணாடியை எடுத்துக் காட்டி, வாங்காமல் விட்டதைச் சொன்னேன். அக்கா எழுந்து போய்த் தன் பீரோவிலிருந்து ஒரு உறையைக் கொண்டுவந்தாள். உள்ளே புதுக் கண்ணாடி. அவள் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். இது மூக்கை அழுத்துகிறது, பழையதே போதும் என்று அம்மா இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று குறைத்தது அதற்குப் பிறகுதான்.