பங்குனித் தூண்டில்: வீராணமா, கொள்ளிடமா, வாய்க்கால் மடுவா?

ஜனவரி 28-ல் மேட்டூரை அடைப்பதும் ஜூன் 12-ல் திறப்பதும் டெல்டாவின் பழைய கணக்கு. தண்ணீர் இருப்பைப் பொறுத்து அந்தத் தேதி முன்னே பின்னே போவதுண்டு. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். நாற்றங்காலுக்கு மட்டுமில்லை, தூண்டிலுக்கும் இந்தத் தேதிகள்தான் பஞ்சாங்கம். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முடிய ஆற்றில் ஓட்டம் கிடையாது. தண்ணீர் எங்கே தங்கியிருக்கிறதோ அங்கே மீன் ஒடுங்கிக் கிடக்கும். கரையிலிருந்து தூண்டில் போடுகிறவருக்கு அப்போது மூன்று இடங்கள்தான் மிச்சம்: வீராணம் ஏரி, அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்து மடு, ஆறு பிரியும் தலைப்புகளிலும் வாய்க்கால் ரெகுலேட்டர்களிலும் ஷட்டருக்குக் கீழே நிற்கும் பள்ளம். மூன்றுக்கும் மீன் வேறு, இரை வேறு, ஆபத்தும் வேறு.

முதலில் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரி அணைகளில் ட்ரவுட் பிடித்துப் பழகியவர்கள் 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீரைத் தேடுவார்கள். சமவெளியில் கட்லாவும் ரோகுவும் நன்றாக மேய்வது 25 முதல் 32 டிகிரி வரை. மாசியில் நாள் முழுக்க அந்த அளவுதான் இருக்கும். பங்குனி பாதியில், முழங்கால் ஆழமுள்ள ஓரத்துத் தண்ணீர் மதியம் அதைத் தாண்டிவிடும். சூடேறினால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கொள்ளும் நல்ல தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் கொள்ளும். பாசி பிடித்துப் பச்சையாக நிற்கும் தண்ணீரில் விடியற்காலை அதுவும் இருக்காது, ஏனென்றால் இரவெல்லாம் பாசியே மூச்சுவிட்டுக் குடித்திருக்கும். அதிகாலை ஐந்தரைக்குக் கெண்டை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், மீன் நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். அது மூச்சுக்குத் தவிக்கிறது, இரை எடுக்காது. வெயில் பட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள்.

வீராணம்

மேட்டூர்த் தண்ணீர் கல்லணை தாண்டிக் கொள்ளிடம் வழியாக அணைக்கரையில் உள்ள கீழணைக்கு வந்து, வடவாற்றில் திரும்பி வீராணத்தில் நிரம்புகிறது. முழு நீர்மட்டம் 47.50 அடி என்று செய்தியில் படிப்பது ஆழம் இல்லை. ஏரி மிகப் பரந்தது, ஆழம் குறைந்தது. சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழக்கே கரை. மேற்கே தரை மெல்ல மேடேறி, நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரும் முழங்கால் சேறுமாக முடியும். 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்து குழாயில் தண்ணீர் போகிறது. எனவே கோடையில் வரத்து நின்ற பிறகும் இறக்கம் மட்டும் தினமும் உண்டு.

அந்த இறக்கத்தின் வேகம்தான் வீராணத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கரையின் கற்சரிவில் தண்ணீர் தொடும் கல்லில் சுண்ணாம்பால் கோடு போட்டு மறுநாள் பாருங்கள். ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் மீன் ஓரத்தில் மேயும். நான்கு விரல் இறங்கியிருந்தால், ஓரத்துப் பாசியையும் நத்தையையும் விட்டுவிட்டு நடு ஏரிக்குப் போயிருக்கும். கரையிலிருந்து 30 மீட்டர் வீசினாலும் கைக்கு வராது. அப்படிப்பட்ட வாரத்தில் வீராணத்துக்குப் போகிற பெட்ரோலை மிச்சப்படுத்தலாம்.

அடுத்தது காற்று. பங்குனியில் பகல் ஏறினால் கடற்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலுமிருந்து எழுந்து, மேல்மட்டத் தண்ணீரையும் அதிலுள்ள நுண்ணுயிர்களையும் மேற்கே தள்ளும். கட்லா மேல்மட்டத்தில் மேயும் மீன். இரையோடு அதுவும் மேற்கே போய்விடும். ஆகவே கிழக்குக் கரையில் கட்லாவுக்கு நேரம் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரைதான். சாயங்காலம் அதே கரையில் உட்கார்ந்தால் ரோகுவையும் மிர்காலையும் குறிவையுங்கள். அவை நடுத்தண்ணீரிலும் தரையிலும் மேய்வதால் காற்று அவ்வளவாக நகர்த்தாது.

மாவு இரைக்கு அளவு இது: வறுத்த கடலைப் புண்ணாக்குத் தூள் 200 கிராம், சலித்த தவிடு 200 கிராம், மைதா 100 கிராம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் பிசைய வேண்டும், ஊற்றினால் கெட்டது. நெல்லிக்காயில் பாதி அளவு உருட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கரைந்தால் மைதா போதவில்லை. கால் மணி நேரம் கழித்தும் கல்லாகக் கிடந்தால் மைதா மிஞ்சிவிட்டது. வாசனை வெளியே வராது. பத்து நிமிடத்தில் ஓரம் உதிர்ந்து நடு மட்டும் முள்ளில் நிற்க வேண்டும், அதுதான் பக்குவம். தூண்டில் நரம்பு (இழை) 0.30 மில்லிமீட்டர் போதும். கற்சரிவில் உரசுவதால் கடைசி இரண்டு முழத்தை ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நகத்தால் நீவிப் பாருங்கள். சொரசொரத்தால் வெட்டிவிட்டு முள்ளைப் புதிதாகக் கட்டுங்கள். இங்கே பெரிய மீன் தப்புவதில் பாதி, இந்த உரசலில்தான்.

தக்கை பேசும் பாஷையையும் படிக்க வேண்டும். தக்கை மேலே எழும்பிப் படுத்தால் மிர்கால்: தரையிலிருந்து இரையை வாயில் எடுத்துத் தலையை நிமிர்த்தும்போது ஈயத்தின் பாரம் குறைகிறது. சாய்ந்து ஒரே சீராக நகர்ந்தால் ரோகு. நடுங்கி நடுங்கி நின்றால் கட்லா உறிஞ்சிப் பார்க்கிறது, அவசரப்பட்டு வெட்டக் கூடாது, அதாவது முள் பதியக் கழியைச் சுண்டி இழுக்கக் கூடாது. டக் டக்கென்று கொத்தி, இழுத்துப் பார்த்தால் வெறும் முள் வந்தால் ஜிலேபி (திலாப்பியா). ஜிலேபி கூட்டம் சேர்ந்துவிட்டால் மாவை வீணாக்க வேண்டாம். அவித்த மக்காச்சோளம் இரண்டு மணியைக் கோத்துப் போடுங்கள், சின்ன வாயால் அதை உருவ முடியாது.

மதகு வாய்க்கு நேரே போடுகிறவர்கள் உண்டு. லேசாகத் திறந்த மதகில் ஓட்டம் இருப்பதால் மீன் சேரும் என்பது உண்மை. ஆனால் நரம்பு உள்ளே போனால் எடுக்க முடியாது, கால் வழுக்கினால் ஆளையும் எடுக்க முடியாது. இருபது மீட்டராவது தள்ளி நின்றாலும் அந்த ஓட்டத்தின் பயன் கிடைக்கும்.

கொள்ளிடம்

மணலாகக் காயும் கொள்ளிடத்தில் அணைக்கரைக்குக் கீழே தண்ணீர் விழுந்து குடைந்த மடுக்கள் நிற்கும். இங்கே தேடிப் போகிற மீன் வாளை. கெளுத்தியும் பெரிதாக வரும். வாளைக்கு உயிர்க்கெண்டை அல்லது கோழிக்குடல் போட வேண்டும். அதன் வாயில் பொடிப்பல் வரிசை வரிசையாக இருப்பதால், முள்ளுக்கு மேலே ஒரு சாண் இரும்புக் கம்பி இல்லாமல் நரம்பை மட்டும் நம்பினால் அறுத்துவிடும். ஓட்டமில்லாத மடுவில் வாளை பகலில் ஆழத்தில் படுத்திருக்கும். மேயக் கிளம்புவது இருட்டில். நல்ல கொத்து கிடைக்கும் நேரம் பொழுது சாய்ந்த பிறகுதான்.

இந்த இடத்தை மற்ற இரண்டுக்கும் பின்னே வைப்பதற்கும் அதுவே காரணம். அணைக்கரைப் பக்கத்துக் கொள்ளிடத்தில் முதலை உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அது கரை மணலில் குழி தோண்டி முட்டையிடும் காலம். தாய் முதலை குழியை விட்டுத் தூரம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற, பரந்து கிடந்த முதலையெல்லாம் இருக்கும் ஒன்றிரண்டு மடுவில் வந்து சேரும். மீன் ஒடுங்குகிற அதே மடு, அதே மாதம். மணலில் வயிறு இழுத்த அகலத் தடமும் இரு பக்கமும் கால் பதிந்த குறியும் தெரிந்தால் அந்தக் கரையே வேண்டாம். தடம் தெரியாத இடத்திலும் தண்ணீரிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி மேட்டில் நில்லுங்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கி வீசாதீர்கள். பிடித்த மீனைத் தண்ணீர் ஓரத்தில் கட்டிப்போடுவதும், அங்கேயே கழுவி அறுப்பதும் வேண்டாம். பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட வேண்டும். வாளைக்கு உகந்த நேரத்தை விட்டுக்கொடுத்தால் கொள்ளிடத்தில் மிஞ்சுவது காலைக் கெளுத்திதான். அதற்காக அவ்வளவு தூரம் போவது சரிப்படாது என்பதே எங்கள் கணிப்பு.

மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெளிந்த தண்ணீராகத் தெரியும், ஓரம் ஒரேயடியாகச் சரியும். அணையில் ஷட்டர் தூக்கினால் அசையாத தண்ணீரில் திடீரென்று நுரையும் சருகும் மிதந்து வரும். அதைப் பார்த்ததும் சாமானை எடுக்க நிற்காமல் கரையேறுங்கள். கடலை நெருங்க நெருங்கக் கோடையில் உப்பு மேலேறி, மடவையும் கொடுவாவும் வரும். அந்தத் தூண்டில் முறையே தனி, இந்த ஒப்பீட்டில் அடங்காது.

தலைப்பும் வாய்க்காலும்

நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பு மாதிரி பெரிய இடமானாலும், ஊருக்குள் பாசன வாய்க்காலின் சின்ன ரெகுலேட்டர் ஆனாலும் அமைப்பு ஒன்றுதான். ஆறு மாதம் ஷட்டருக்கு அடியில் பாய்ந்த தண்ணீர் கீழே பள்ளம் பறித்திருக்கும். ஓட்டம் நின்றதும் அது மடுவாக நிற்கும். இரண்டு ஆள் ஆழம், சில இடத்தில் ஓர் ஆள் ஆழம், மேலே ஆகாயத்தாமரை. கட்லா இங்கே தாக்குப்பிடிக்காது. விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை தாக்குப்பிடிக்கும். காற்றை நேரடியாகச் சுவாசிப்பவை அவை. தண்ணீரில் ஆக்சிஜன் போனாலும் மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு திரும்பும். அக்னி நட்சத்திரத்து மதியத்தில் வீராணத்துக் கெண்டை வாயைத் திறக்காதபோதும், இங்கே ஆகாயத்தாமரை நிழலில் விரால் இரை எடுக்கும். சித்திரையில் இந்த மடுக்களை முதலிடத்தில் வைப்பது இதனால்தான்.

கரையில் கால் மணி நேரம் சத்தமில்லாமல் உட்காருங்கள். ஆகாயத்தாமரை இடுக்கில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் கேட்கும், ஒரு குமிழி வட்டமாக விரியும். விரால் மூச்சு வாங்கிய இடம் அது. அடுத்த மூச்சும் ஏறக்குறைய அங்கேயேதான். அதற்கு இரண்டு மீட்டர் அப்பால் ரப்பர் தவளையை வீசி, இலைமேல் இழுத்து, குமிழி வந்த இடத்தில் நிறுத்துங்கள். அடித்ததும் வெட்டாதீர்கள். மூன்று எண்ணிக்கை பொறுத்து, தவளை தண்ணீருக்குள் போய் நரம்பு இறுகிய பிறகு வெட்டுங்கள். விரால் நழுவிப்போவது பெரும்பாலும் சத்தம் கேட்டதும் கை தானாக இழுப்பதால். நரம்பு இங்கே 30 பவுண்டுக்குக் குறையாத பிரெய்டாக (பின்னிய நரம்பாக) இருக்க வேண்டும். மீன் சின்னதானாலும் செடியோடு சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். தூண்டில் கழியும் தக்கையும்தான் இருக்கிறது என்றால், செடிக்கு நடுவே கூடை அகலத்துக்குத் திட்டாகத் தண்ணீர் தெரியும் இடத்தில் கெண்டைக் குஞ்சை முதுகுத் துடுப்புக்கு அடியில் கோத்து ஒரு முழ ஆழத்தில் விடலாம்.

தேளி வந்தால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள், ஈரத்துணி போட்டு அமுக்குங்கள். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டு வெந்நீரில் கையை வைத்தால் கடுப்பு இறங்கும். வீக்கம் பரவினால் மருத்துவரிடம் போங்கள்.

இந்த மடுக்களின் பெரிய குறை அவற்றின் சின்ன அளவு. ஒரு மடுவில் இருக்கும் விராலை நான்கு பேர் நான்கு நாளில் துடைத்துவிடலாம். மழை ஒன்று பெய்தால் ஓரத்துச் செடியில் செம்மஞ்சள் நிறத்தில் பொடிக்குஞ்சுகள் ஒரு தாம்பாளம் அகலத்துக்குக் கொதிப்பதுபோல் மேலெழும். அதுதான் பார்ப்பு. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். பார்ப்புக்கு மேலே எதைப் போட்டாலும் கோபத்தில் அடிக்கும் என்பதால் பிடிப்பது மிகச் சுலபம். பெரிசைப் பிடித்த அன்றே அத்தனை குஞ்சும் ஜிலேபிக்கும் கொக்குக்கும் இரையாகிவிடும். பார்ப்பு தெரிந்தால் அந்தப் பக்கம் தூண்டிலை வீசாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறோம். கரண்ட் வைத்துப் பிடிக்கிறவர்களைக் கண்டால் ஊரில் சொல்லித் தடுங்கள். அந்த மடுவில் மீண்டும் விரால் பார்க்க அடுத்த தண்ணீர் வர வேண்டும்.

மூன்று இடத்துக்கும் பொதுவான ஒன்று மீன்பாசி உரிமை. பல ஏரிகளும் குளங்களும் குத்தகையில் இருக்கும். கேட்டுவிட்டு இறங்கினால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை, கேட்காமல் போட்டால் தூண்டிலும் போகும், மரியாதையும் போகும்.

ஆக, மாசிக் கடைசியிலிருந்து பங்குனி 15 வரை, இறக்கம் நிதானமாக இருந்தால் வீராணம். அதற்குப் பிறகு காலை ஒரு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் வீராணம், மற்ற நேரம் தலைப்பு மடு. சித்திரை முழுக்க மடுதான். மேட்டூர் திறந்து மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். அங்கிருந்து உங்கள் வாய்க்காலுக்கு வரும் நாளைக் கணக்குப் பண்ணி, அதற்கு முந்தின நாளே மடுவுக்குள் கிடக்கும் சாமானையெல்லாம் எடுத்துவிடுங்கள். முதல் தண்ணீர் குப்பையையும் ஆகாயத்தாமரையையும் சுருட்டிக்கொண்டு வரும், இரண்டு நாளைக்கு முள் தரையைத் தொடாது. மூன்றாம் நாள் கலங்கல் சற்று அடங்கும்போது மண்புழுவைக் கோத்து ரெகுலேட்டருக்குக் கீழே, ஓட்டம் சுழித்துத் திரும்பும் ஓரத்தில் போட்டால் கெளுத்தியும் ஆராலும் வரும்.