மாலத்தீவு ரிசார்ட் புக் செய்யும் முன் இதைப் படித்துவிடுங்கள்

2025 காலாண்டு விடுமுறையில் நானும் மனைவியும் ஆறு வயது மகளும் மாலத்தீவு போய் வந்தோம். நான்கு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். இன்னும் மனசு ஆறவில்லை. அடுத்து போகிறவர்களாவது ஏமாறாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடைசியில் இரண்டு ரிசார்ட்டில் எது என்ற கேள்விதான் இருந்தது. ஒன்று மாலே விமான நிலையத்திலிருந்து ஸ்பீடு போட்டில் அரை மணி நேரம், வரியோடு ஓர் இரவுக்கு 480 டாலர். இன்னொன்று வடக்கே ரா அட்டோல் என்ற பவளத் தீவுக் கூட்டத்தில், 350 டாலர். எங்கள் டிராவல் ஏஜென்ட் இரண்டாவதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "எல்லாம் சேர்த்துத்தானே?" என்று போனில் இரண்டு தடவை கேட்டேன். "ஆமா சார், கவலையே படாதீங்க" என்றார். நம்பிப் பணத்தைக் கட்டினேன்.

பணம் போன பிறகு வந்த பேப்பரில் 350 பக்கத்தில் பொடியாக இரண்டு கூட்டல் குறி இருந்தது. அதற்கு அர்த்தம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வாடகைக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்த மொத்தத்துக்கு மேல் 17 சதவீதம் சுற்றுலா ஜிஎஸ்டி. 350 டாலர் அப்படியே 450 ஆகிவிட்டது. அங்கே போக சீப்ளேன் (கடலிலேயே இறங்கி ஏறும் சிறிய விமானம்) தனி: போக வர பெரியவர்களுக்குத் தலைக்கு 520, குழந்தைக்கு 260. பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இது மட்டும் எந்த ரிசார்ட்டுக்குப் போனாலும் உண்டு.

நான்கு இரவுக்கு மொத்தம் 3,245 டாலர். ஸ்பீடு போட்டுக்குப் பெரியவர்களுக்கு 150, குழந்தைக்கு 75 என்று வைத்து, 480 டாலர் ரிசார்ட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2,439 வந்தது. விலை குறைவு என்று எடுத்த இடத்துக்கு 800 டாலர் அதிகம்! கேன்சல் செய்தால் ஒரு பைசா திரும்பாது என்றும் அதே பேப்பரில் இருந்தது.

சரி, போனது போகட்டும் என்று கிளம்பினோம். மாலேயில் இறங்கும்போது மணி 3:50. இமிகிரேஷன் முடிந்து சீப்ளேன் கவுன்டருக்கு ஓடினால், கடைசி விமானம் கிளம்பிவிட்டது என்றார்கள். சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் இறங்குகிறவர்களுக்கு அன்று சீப்ளேன் கிடைக்காது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் 110 டாலர் கொடுத்து ஒரு ரூம் எடுத்துத் தங்கினோம். ரிசார்ட்டில் அன்றைய வாடகையும் போனது. ஏஜென்டைக் கூப்பிட்டால், "ஃப்ளைட் டைம் நீங்க போட்டதுதானே சார்" என்கிறார். பணம் கட்டுவதற்கு முன்பே டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பியிருந்தேன். நீல டிக் இன்றும் அப்படியே இருக்கிறது.

மறுநாள் போய்ச் சேர்ந்தோம். மகள் வாளியும் பிளாஸ்டிக் மண்வெட்டியுமாகக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். படி இறங்கினால் மணலே இல்லை. மூன்றாவது படியில் அலை வந்து அடிக்கிறது. அந்தப் பக்கம் வரிசையாக மணல் மூட்டைகள், மேலெல்லாம் பச்சைப் பாசி, இரண்டு மூட்டை கிழிந்து நார் தொங்கியது. போட்டோவில் காட்டிய வெள்ளை மணல் இருந்த இடம் இதுதான். வாளியைக் கையில் வைத்தபடி அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.

அங்கே ரெஸ்டாரன்டில் வேலை செய்த தூத்துக்குடித் தம்பிதான் விளக்கினார். "அண்ணே, தென்மேற்குக் காத்து அடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் இப்படித்தான். மண்ணு அந்தப் பக்கம் போயிடும், தை மாசம் வாக்குல திரும்பி வந்துடும். கிழக்குப் பக்கம் ரூம் கேட்டிருக்கலாமே." மே முதல் அக்டோபர் வரை அங்கே அந்தப் பருவம். போகும் மாதத்தில் எந்தப் பக்கம் மணல் இருக்கும் என்று ரிசார்ட்டுக்கே மெயில் போட்டுக் கேளுங்கள். ஏஜென்ட் அனுப்பும் போட்டோ எந்த மாதம் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஊழியர்கள் மேல் எனக்குக் குறையில்லை. கேட்டதும் அறை மாற்றிக் கொடுக்கப் பார்த்தார்கள், காலி இல்லை.

சாப்பாட்டையும் கவனியுங்கள். எங்கள் பேக்கேஜில் காலையும் இரவும் மட்டும்தான். மதியம் மூன்று பேர் சாதாரணமாகச் சாப்பிட்டாலே நூறு டாலரைத் தாண்டியது. வெளியே போய்ச் சாப்பிட அந்தத் தீவில் வேறு கடையே கிடையாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ஏஜென்ட் போனில் சொன்ன எதற்கும் என்னிடம் எழுத்து இல்லை, அதுதான் இப்போது பெரிய தடை. அதனால் விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்குப் போக வர ஆகும் செலவு, வரி, சாப்பாடு எல்லாம் சேர்த்து போகிற எல்லோருக்கும் மொத்தம் எவ்வளவு என்று ஒரே எண்ணாக எழுதி வாங்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். அரையாண்டு விடுமுறைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் பல ரிசார்ட்டுகளில் ஸ்பெஷல் டின்னர் என்று தலைக்குத் தனியாகக் கட்டாயக் கட்டணம் போடுகிறார்கள். அதுவும் அந்த எண்ணுக்குள் இருக்கிறதா என்று.