ஐடிஐயா, பாலிடெக்னிக்கா, லேத் பட்டறையா?

எதிர்வீட்டு அக்கா பையன் பத்தாவது முடித்துவிட்டான். கணக்கில் தட்டுத்தடுமாறி பாஸ். ஏற்காடு நாகலூரில் இருக்கும் அவனுடைய மாமா, "படிப்பெல்லாம் எதுக்கு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில தெரிஞ்ச பட்டறை இருக்கு, விடு" என்கிறார். அக்காவுக்கு பாலிடெக்னிக் ஆசை. என்னிடம் கேட்டார்கள்.

பட்டறையை நான் மட்டமாக நினைக்கவில்லை. முதல் வாரத்திலேயே கையில் காசு வரும், நல்ல உஸ்தாத் அமைந்தால் லேத்தில் கை பழகும். ஆனால் காகிதம் வராது. அப்ரண்டிஸ், அதாவது வேலை பழகுநர், வைத்தே ஆக வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தைத்தான் கட்டாயப்படுத்துகிறது, நம்மூர்ப் பட்டறையில் முதலாளியைச் சேர்த்தே ஐந்தாறு பேர். பத்து வருடம் கழித்து பெரிய ஆலை வாசலில் போய் நின்றால், சர்டிபிகேட் எங்கே என்பார்கள்.

பாலிடெக்னிக் மூன்று வருடம். சூப்பர்வைசர் வேலைக்கு டிப்ளமோ கேட்பார்கள், அது உண்மை. ஆனால் இவனுக்கு முதல் வருடக் கணக்கே கழுத்தைப் பிடிக்கும். அரியர் வைத்து வீட்டில் உட்கார்ந்த பையன்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்தது ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம். கோரிமேடு பக்கம் அய்யந்திருமாளிகையில் அரசு ஐடிஐ இருக்கிறது. ஃபிட்டர் டிரேடு இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாயும் உண்டு (அது பாலிடெக்னிக்குக்கும்தான்). டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடியில் தமிழக அரசு புதுப்பித்தது. கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி, ரோபோ என்று மெஷின் வந்தது. நல்லதுதான்.

ஆனால் ஃபிட்டர் பையனுக்கு முதல் மாதம் ரோபோ கிடையாது, அரம்தான். இரும்புப் பட்டையை வைஸில் பிடித்து ராவ வேண்டும். ராவிவிட்டு, மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால், ஓரத்தில் மயிரிழை அளவு வெளிச்சம் ஒழுகும். மறுபடி ராவு. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடையும். அந்த வெளிச்சத்தைக் காட்டித் தர பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறாரா என்பதைத்தான் சேர்க்கும் முன் விசாரிக்கச் சொன்னேன்.

அப்புறம், பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு. ஐடிஐ முடித்த கையோடு பெரிய ஆலையில் ஒரு வருடம் அப்ரண்டிஸ். 2019-இல் திருத்திய விதிப்படி ஐடிஐ முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2016-இல் வந்த தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கிறது. அதனால் கம்பெனிக்கும் சுமை குறைவு. சில இடங்களில் அப்ரண்டிஸைப் பெருக்கவும் பாரம் தூக்கவும் விடுகிறார்கள், அதையும் சொல்லிவிட்டேன். ஒழுங்காகக் கற்றுத் தரும் இடம் கிடைத்தால், தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழோடு வெளியே வருவான்.

"அப்போ டிப்ளமோ?" என்றார் அக்கா. இரண்டு வருட ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம் என்றேன். மாமா மட்டும் இன்னும் முறுக்கிக்கொண்டு இருக்கிறார். சரி, லீவு நாளில் பட்டறைக்கு அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.